சீனி கொடுத்து அனுப்பிய வீடுகள்

1

நேற்றுக் காலையில் என் சின்ன மகள் ஃபரீதா கோலாலம்பூருக்குப் புறப்பட்டுப் போனாள். நர்ஸ் படிப்பு. இனிமேல் ஹாஸ்டல்தான் அவளுக்கு வீடு. இங்கே பினாங்கில் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. டாக்சி வாசலில் வந்து ஹார்ன் அடித்த பிறகுதான் மகாராணி செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.

"ஏண்டி, எதுத்த வூட்டு ஆயிஷாக்காகிட்ட பயணம் சொன்னியா? முக்குக்கடை சாச்சா வூட்ல?"

"அவங்களுக்கெல்லாம் தெரியும்மா."

"தெரிஞ்சா ஆச்சா? நீ போயி வாயால சொல்லணும்டி."

"லாம்பாட்மா, லாம்பாட்!" நேரமாகிவிட்டதாம். அவசரமென்றால் அவளுக்கு மலாய்தான் வரும்.

நான் அடுப்படிக்கு ஓடி ஒரு கை சீனி அள்ளிக்கொண்டு வந்தேன். வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "பல்லு வெளக்கிட்டேம்மா" என்று சொல்லிச் சிரித்து, கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டாள். கதவு படாரென்று சாத்தியது. நான் கையில் சீனியோடு மழையில் நின்றேன். சாரல் பட்டுச் சீனி பிசுபிசுத்துப் போயிற்று. உள்ளே வந்து குழாயைத் திறந்து கையைக் கழுவினேன்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கடல் தாண்டிப் போகிறவர்கள், கிளம்பும் முன் சொந்தக்காரர்கள் வீடு ஒன்றுவிடாமல் ஏறி இறங்கிப் 'பயணம் சொல்ல' வேண்டும். அந்த வீட்டில் வாயில் சீனி போட்டு, நல்லபடியாகப் போய்வரச் சொல்லி அனுப்புவார்கள். ஒரு வீடு விட்டுப்போனால் போச்சு, காலத்துக்கும் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

அந்த வழக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுததில்தான் என் பெரிய மகள் என் கையை விட்டுப் போனாள். அப்படியும் நேற்றுச் சீனியை அள்ளிக்கொண்டு ஓடினேன் பாருங்கள். எனக்கு ஏதாவது புத்தி இருக்கிறதா?

2

எனக்குப் பிறந்த ஊர் மங்கலம்பேட்டை. வாழ்க்கைப்பட்டது விருத்தாசலம். என் வீட்டுக்காரருக்குப் பினாங்கில் சோற்றுக்கடை. அறுபதுகளின் தொடக்கத்தில் எங்களையும் அழைத்துப்போக அவர்களே வந்தார்கள். மூன்று பிள்ளைகள். மூத்தவன் கமால். அடுத்தது ஹலீமா, அப்போது அவளுக்கு ஐந்து வயது இருக்கும். ஃபரீதா கைக்குழந்தை.

"மூணையும் தூக்கிக்கிட்டுப் போனா நீங்க திரும்பி வரவா போறீங்க? வூட்ல வெளக்கு எரிய ஒரு புள்ளைய வுட்டுட்டுப் போங்க." சொன்னவர் ஒருத்தர் இல்லை, குடும்பமே சொன்னது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு பிள்ளை ஊரில் இருந்தால்தான் போனவர்கள் திரும்புவார்கள் என்று ஒரு நினைப்பு. என் வீட்டுக்காரரின் அக்கா சபியா மதினிக்குக் குழந்தை இல்லை. வேறென்ன வேண்டும்? ஹலீமாவை மதினி இடுப்பில் ஏற்றிவிட்டு எங்களைக் கப்பல் ஏற்றினார்கள். என்னைக் கேட்டார்களா என்று கேட்காதீர்கள். அந்த வயதில் மருமகளை யார் கேட்டார்கள்?

ரெண்டு வருஷத்தில் வந்து கூட்டிப்போகலாம் என்றார்கள். கடையில் ஒரு வருடம் ஆள் இல்லை, ஒரு வருடம் உடம்பு சரியில்லை, ஒரு வருடம் ஊரடங்கு. பிள்ளை அங்கே வளர்ந்துகொண்டே இருந்தாள். இங்கே தட்டு வைக்கும்போதெல்லாம் கை ஒரு தட்டு கூடுதலாக எடுக்கும். கமால் அதைத் திரும்ப அலமாரியில் வைப்பான்.

எழுபது, எழுபத்தொன்று வாக்கில் குடிநுழைவுச் சட்டம் இறுகிவிட்டது. ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரிதான். என் முகத்தையும் பிறப்புச் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்கள் சொந்தப் பிள்ளையா? இத்தனை வருடம் ஏன் அழைக்கவில்லை?" என்று மலாயில் கேட்டாள். வெளக்கு எரிய விட்டுவந்தோம் என்பதை மலாயில் எப்படிச் சொல்வது? "அவள் அத்தை ஆசைப்பட்டார்" என்றேன். அவள் புருவத்தைத் தூக்கினாள், அவ்வளவுதான். கடைசியில் அனுமதி கிடைத்தது. வருடம் முடிவதற்குள் பிள்ளை பினாங்கில் வந்து இறங்க வேண்டும். தவறினால் தவறியதுதான், வயது தாண்டிவிடும், மறுபடி கிடையாது.

என் வீட்டுக்காரர் கடையை விட்டு நகர முடியாது. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு நான் தனியாகக் கப்பல் ஏறினேன். போய், கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு அதே கப்பல் அடுத்த நடை திரும்பும்போது ஏறிவிட வேண்டும். அதை விட்டால் வருடத்துக்குள் வேறு கப்பல் இல்லை.

3

மெட்ராஸில் இறங்கும்போதே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கார்த்திகை மாதத்தில் தென்னாற்காட்டுக்குப் பயணம் போகிறவளைப் பைத்தியக்காரி என்றுதான் சொல்ல வேண்டும். ரயில் ஊர்ந்தது. பாலத்துக்குப் பாலம் நின்று, யாரோ இறங்கிப் போய்த் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே வயல் எது, ஏரி எது என்று தெரியவில்லை. எதிரில் இருந்த அம்மா, "சாமி மலேயாவுல இருந்தா வர்ற? அங்கயும் மழை பேயுதா?" என்று கேட்டார். அங்கே தினமும் பெய்யும், ஆனால் பெய்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும் என்றேன். அவர் சிரித்தார்.

விருத்தாசலம் ஜங்ஷனில் மதினியும் ஹலீமாவும் ஒரே குடையில் நின்றிருந்தார்கள். நான் விட்டுப்போன குழந்தை இல்லை அது. என் தோள் உயரத்துக்கு, தாவணி போட்டு, மதினியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். நான் பாய்ந்து கட்டிக்கொண்டேன். மரக்கட்டை மாதிரி நின்றாள்.

"வாங்க" என்றாள். "நல்லா இருக்கீங்களா?"

பிறகு மதினி பக்கம் திரும்பி, "மா, நனையிற பாரு, இந்தாண்ட வா" என்றாள்.

எனக்கு 'வாங்க', அவர்களுக்கு 'வா'. மதினிக்கே சங்கடமாகப் போய்விட்டது. "இவங்கதாண்டி ஒங்கம்மா" என்றார்கள். "தெரியும், பெனாங்கம்மா" என்றாள் அவள். ஊரே அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. அம்மா என்றால் மதினி. நான் பெனாங்கம்மா.

மதினியின் வீட்டுக்காரருக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஹலீமாவின் பாஸ்போர்ட்டுக்கு மெட்ராஸுக்கும் ஊருக்கும் அலைந்து வாங்கி வைத்திருந்தவர் அவர்தான். வீடு முழுக்கச் சுட்டெடுத்த பொம்மைகள், கிளி, வாத்து, முயல் என்று வரிசை வரிசையாக. ஹலீமா அவற்றுக்குக் கண் எழுதுவாள். ஒரே இழுப்பில் இமை, ஒரு புள்ளியில் கண்பாப்பா. அந்த ஈரத்தில் சாயம் காயவே இல்லை. நான் போய் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லித்தா" என்றேன். தூரிகையைக் கொடுத்தாள். நான் எழுதிய வாத்து மாறுகண்ணோடு முழித்தது. அவள் அதைத் துணியால் துடைத்துவிட்டு, தானே எழுதினாள்.

4

"பயணம் சொல்லிடுவோம், நாளு இல்ல" என்றார்கள் மதினி.

முதலில் மங்கலம்பேட்டை. என் பிறந்த வீட்டுச் சொந்தம் அங்கே தெருவுக்குத் தெரு. பஸ்ஸில் தார்ப்பாயை இறக்கிவிட்டு இருட்டறை மாதிரி ஓட்டினார்கள். கூரை ஒழுகி, உட்கார்ந்தவர்களும் உள்ளேயே குடை பிடித்தார்கள். இறங்குகிற இடம் தாண்டிவிடுமோ என்று பயந்து நான் எழுந்து, "துங்கு! துங்கு!" என்று கத்திவிட்டேன். மலாயில் 'நில்லு' என்று அர்த்தம். கண்டக்டர், "யாரும்மா துங்கு? அவரு ஏறவே இல்லியே" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஹலீமா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இறங்கி நடக்கும்போது தண்ணீரில் காலை உதைத்து, "துங்கு, துங்கு" என்று என்னைப் போலவே சொல்லிக்காட்டினாள். எனக்கு ரோஷம் வரவில்லை. நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிழைத்துக்கொள்வோம், கப்பலில் ஏறிவிட்டால் இவள் என் பிள்ளையாகிவிடுவாள் என்று நினைத்தேன்.

வீடு வீடாக ஏறினோம். வீட்டுக்கு வீடு அதே கதை. நனைந்த முக்காடோடு நுழைந்து, "பயணம் சொல்ல வந்தோம்" என்பது. அவர்கள் சீனி டப்பாவைத் தேடுவது. ஹலீமாவின் வாயில் போட்டு, "நல்லபடியா போயிட்டு வாம்மா, போயி சேந்ததும் கடுதாசி போடு" என்பது. "சரி, போடறேன்" என்று அவள் தலையாட்டுவது. மறுநாள் திட்டக்குடிப் பக்கம் மங்களூரில் இரண்டு வீடுகள். வாய் தித்தித்துத் தித்தித்துக் கசந்துவிட்டது.

கடைசியாகச் சேத்தியாத்தோப்பு மிச்சம். மழை விட்டபாடில்லை. வெள்ளாறு ஏறுகிறது என்று தெருவெல்லாம் பேச்சு. மறுநாள் மெட்ராஸ் ரயில்.

"வேணாம் மதினி. மழையப் பாருங்க. கடுதாசி எழுதி மன்னிப்பு கேட்டுக்கலாம்" என்றேன்.

"அது பெரியம்மா வூடு, ஜைனபு. எங்கம்மா மௌத்தான பொறவு தம்பியயும் என்னயும் வளத்த கையி. அங்க சொல்லாம போனா அந்தக் கெழவி மனசு என்னா பாடுபடும்? பஸ்ஸு ஓடுது. காலைல போனா மதியம் திரும்பிடலாம்."

அண்ணன்கூட யோசித்தார். "ஓடறவரைக்கும் ஓடும், அப்புறம்?" என்றார். மதினி கேட்கவில்லை. நானும் ஒரு அளவுக்கு மேல் பேசவில்லை. எட்டு ஒன்பது வருடம் என் பிள்ளையைச் சோறூட்டி வளர்த்தவர்களிடம் நான் என்ன சண்டை போட முடியும்?

மூன்று பேரும் போனோம். பெரியம்மா ஹலீமாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், சீனி போட்டார்கள், சாப்பிடாமல் போகக் கூடாது என்று இட்டிலி ஊற்றினார்கள். அந்த இட்டிலி வேகிற நேரம் இருக்கிறதே, அது என் தலையெழுத்து. சாப்பிட்டுவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தால் ஒரு ஈ காக்கை இல்லை. டீக்கடைக்காரர் பலகையைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸா? ரோடே இல்லம்மா. விருத்தாசலம் ரோடு அத்துக்கிட்டுப் போயிடுச்சி. இனிமே ஆண்டவன்தான் பஸ்ஸு வுடணும்."

5

அன்றைக்குப் பெரியம்மா வீட்டிலேயே கிடந்தோம். மறுநாள் காலையில் நல்ல சேதி வந்தது. உடைப்பெடுத்த இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தானாம். அந்த ஊர் ஆட்கள் வாழைமரத்தைக் கட்டித் தெப்பம் விடுகிறார்கள். அக்கரையில் ஒரு லாரி நின்று ஆட்களை விருத்தாசலம் வரைக்கும் ஏற்றிப்போகிறது. உடனே போனால் ரயிலைப் பிடித்துவிடலாம்.

ஓடினோம். தண்ணீர் செம்மண்ணாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. வைக்கோல் போரும் கோழிக்கூண்டும் மிதந்து போயின. தெப்பக்காரர், "ஒரு தடவைக்கு மூணு பேரு. சீக்கிரம் ஏறுங்க. தண்ணி ஏறுது, இதோட நிறுத்திடுவோம்" என்றார்.

நான் முதலில் ஏறினேன். கையை நீட்டினேன். ஹலீமா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மதினிக்குத் தண்ணீர் என்றால் பயம். கொஞ்சம் பருத்த உடம்பு வேறு. ஒரு காலைத் தெப்பத்தில் வைத்தார்கள். தெப்பம் சாய்ந்தது. காலை எடுத்துக்கொண்டார்கள். மறுபடி வைத்தார்கள். இந்தத் தடவை வழுக்கித் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்கள். கரையில் நின்றவர்கள் இழுத்துப் போட்டார்கள்.

மதினியின் மேல் எனக்கு எத்தனையோ வருத்தம் உண்டு. ஆனால் அங்கே அவர்கள் சொன்னதை மறைத்தால் எனக்குச் சோறு கிடைக்காது. தலையிலிருந்து சேறு வழிய உட்கார்ந்துகொண்டு, "நீ போ, தங்கம். அம்மா கூட போ. கப்பலு போயிடும். நான் தண்ணி வடிஞ்சி வரேன்" என்றார்கள். கையை வீசி வீசி விரட்டினார்கள்.

ஹலீமா எழுந்தாள்.

"உக்காருடி!" என்று கையைப் பிடித்தேன்.

"அம்மா வரட்டும். அப்ப வரேன்."

"நான்தாண்டி ஒன்ன பெத்தவ! ஒன்ன கூட்டிக்கிட்டுப் போவத்தான்டி கடல் தாண்டி வந்தேன்!"

"நீங்க போங்க. ஒங்க புள்ளைங்க தேடும்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்காகப் பரிதாபப்பட்டுச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. கையை உருவிக்கொண்டு தண்ணீரில் குதித்தாள். மதினியிடம் ஓடி, தன் தாவணியால் அவர்கள் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். "போடி, போடி" என்று மதினி அவளை முதுகில் அடிக்க, அவள் அடியை வாங்கிக்கொண்டே துடைத்தாள்.

தெப்பக்காரர் கழியை ஊன்றிவிட்டார். நான், "துங்கு! துங்கு!" என்று கத்தினேன். அவருக்கு என்ன புரியும்? தெப்பம் நகர்ந்தது. என் பிள்ளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. நானும் குதித்தேன். இடுப்புத் தண்ணீரில் சேலை காலைப் பின்ன, தட்டுத்தடுமாறிக் கரைக்கு வந்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு போகாமல் நான் மட்டும் ரயிலைப் பிடித்து என்ன செய்ய?

அதோடு தெப்பம் நின்றுபோயிற்று. தண்ணீர் வடிந்து நாங்கள் விருத்தாசலம் வந்து சேர்ந்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது.

6

மெட்ராஸில் ஏறாத ஆபீஸ் இல்லை. அண்ணன் கூடவே வந்தார். வெள்ளம் என்று சொன்னோம், ரோடு உடைந்தது என்று சொன்னோம். ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, மழைக்கு நாங்க தேதி மாத்த முடியாதே" என்றார். அவரைச் சொல்லி என்ன? அவர் கையிலா இருக்கிறது? பினாங்குக்குத் தந்தி அடித்தோம். என் வீட்டுக்காரரும் அங்கே அலைந்து பார்த்தார்கள். வருடம் முடிந்தது. அனுமதியும் முடிந்தது. நானும் திரும்பியாக வேண்டும், எனக்கும் ஒரு கெடு இருந்தது. இங்கே இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

இப்போது ஹலீமாவுக்குக் கல்யாணமாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு விருத்தாசலத்திலேயே கடை. நிக்காஹ்வுக்கு நாங்கள் பணமும் சேலையும் அனுப்பினோம், போக முடியவில்லை. அவள் பிள்ளைகளுக்குப் பாட்டி என்றால் மதினிதான், அவர்களை நன்னி என்கிறார்களாம். என் போட்டோவைக் காட்டினால், "பெனாங்கம்மா" என்று சரியாகச் சொல்லிவிடுகிறார்களாம். மதினி பெருமையாக எழுதியிருந்தார்கள். இங்கே கமாலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஃபரீதாவுக்குப் பேசவே சோம்பல். அங்கே ஒன்று, இங்கே இரண்டு என்று நினைத்திருந்தேன். நேற்று டாக்சி போன பிறகு கணக்குப் பார்த்தால் எங்கேயும் ஒன்றும் இல்லை.

அந்த வருடம் நான் திரும்பிக் கிளம்பிய காலையிலும் தூறல் இருந்தது. அந்தத் தடவை யார் வீட்டுக்கும் பயணம் சொல்லப் போகவில்லை. எந்த வாசலையும் மிதிக்கப் பிடிக்கவில்லை. அண்ணன் குதிரை வண்டி கூப்பிடப் போயிருந்தார். மதினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை, அழுதுகொண்டிருந்தார்கள். ஹலீமா கூடத்தில் உட்கார்ந்து கிளிகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள்.

எதிரில் போய் நின்றேன். பெற்ற பிள்ளையிடம் என்ன சொல்லிக்கொண்டு கிளம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்தது அந்த ஒன்றுதான்.

"பயணம் சொல்ல வந்தேம்மா."

அவள் தூரிகையை வைத்தாள். கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பீங்கான் ஜாடியை எடுத்து வந்தாள். மழை ஈரத்தில் சீனி கட்டிதட்டிப் போயிருந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டி, விரலில் எடுத்து, என் வாயில் போட்டாள். அவள் விரலில் சாய வாசம் அடித்தது.

"நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள். "போயி சேந்ததும் கடுதாசி போடுங்க."

"சரிம்மா, போடறேன்" என்றேன், எல்லா வீட்டிலும் அவள் சொன்ன மாதிரியே.